மோட்டார் லைசென்ஸும் குடும்ப க்ஷேமமும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் பெரியபாளையம் போகும் சாலைகளில் ஜனத்திரளுக்குக் குறைவில்லை. ஆரணியாற்றங்கரையில் எழுந்தருளியிருக்கும் பவானி அம்மனைத் தரிசித்து, வேப்பஞ்சேலை தரித்துப் பிரார்த்தனை செலுத்தக் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். முன்னாளில் மாட்டு வண்டி கட்டி வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். ஆடி கழிந்த பின்னும் போக்குவரத்து ஓய்வதில்லை. ஜனப்பன்சத்திரத்தில் பிரிந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதிக்குப் போகும் சாலை இது. போதாததற்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் வாலிபர்களும் பாரம் ஏற்றிய லாரிகளும் இந்தப் பிரதேசமெங்கும் நிறைந்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட சாலையில் மீசை அரும்பாத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, "பக்கத்து ஊருக்குத்தானே, பையன் நன்றாய் ஓட்டுவான்" என்று பெருமை பேசும் பெற்றோர் அநேகர். அவர்கள் அறிய வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

சட்டம் சொல்வது

நம் தேசத்தில் மோட்டார் வாகனங்களுக்கென்று 1914-ம் ஆண்டிலேயே ஒரு சட்டம் ஏற்பட்டது. பிறகு 1939-ல் வேறொன்று வந்தது. இப்போது அமுலில் இருப்பது 1988-ம் வருஷத்துச் சட்டம். இதன்படி பதினெட்டுப் பிராயம் நிரம்பினால்தான் லைசென்ஸ் கிடைக்கும். கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும் பதினாறு வயது போதும். ஆனால் இன்று வீட்டுக்கு வீடு நிற்கும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சி.சி.க்கு மேற்பட்டவை. ஆகவே பள்ளி மாணவனுக்கு அவை உதவா.

2019-ல் சட்டம் திருத்தப்பட்டது முதல், சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ பொறுப்பாளி ஆகிறார். மூன்று வருஷம் வரை சிறை; 25,000 ரூபாய் அபராதம்; வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கோ இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. அதைத் தடுக்கத் தக்க முயற்சி முழுவதும் எடுத்ததாகவோ, ஒன்றுமே அறியாதிருந்ததாகவோ பெரியவர் நிரூபித்தால்தான் தப்பலாம்.

இன்னொன்று இதைவிடக் கொடியது. லைசென்ஸ் இல்லாதவரிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்து, அதனால் ஓர் உயிர் போய்விட்டதென்று வைத்துக்கொள்வோம். இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டிக்காரரிடமிருந்தே வசூலித்துக்கொள்ளலாம். 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு இதற்கு இடங்கொடுக்கிறது. வீடும் நிலமும் போக இந்த ஒரு காரணம் போதாதா?

பெறும் வழி

முதலில் பழகுநர் லைசென்ஸ். வயதுக்கும் விலாசத்துக்கும் அத்தாட்சி வேண்டும். கணினி வழியே வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். முடியாதவர்கள் ஈ-சேவை மையத்தை நாடலாம். விதிகளில் கண்ட கட்டணம் வண்டி வகை ஒன்றுக்கு 150 ரூபாய். பரீட்சைக்கு 50 ரூபாய். தேக நலம் குறித்த உறுதிமொழியில், 25 மீட்டர் தூரத்தில் உள்ள மோட்டாரின் எண் பலகையை வாசிக்க முடிகிறதா என்று கேட்பார்கள். உண்மையையே எழுதுங்கள். சாலைக் குறிகளைப் பற்றிய பரீட்சையில் தேறினால் ஆறு மாதம் செல்லுபடியாகும் பழகுநர் லைசென்ஸ் கைக்கு வரும்.

அது வந்ததும் ஊர்கோலம் கிளம்பிவிடக் கூடாது. வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்தை வண்டியின் முன்னும் பின்னும் பொருத்த வேண்டும். கற்றுக்கொடுக்கும் லைசென்ஸ்காரர் தவிர வேறு எவரையும் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றலாகாது.

முப்பது நாள் கழிந்த பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். பரீட்சைக் கட்டணம் 300 ரூபாய். இரு சக்கர வண்டிக்காரர்கள் "எட்டுப் போடுவது" இங்கேதான். இது வெறும் சடங்கன்று. மெதுவாகப் போகும்போதும், காலை ஊன்றாமல், இடமும் வலமும் திரும்பத் தெரிகிறதா என்பதை எட்டு அறிவித்துவிடும். வேகமாக ஓட்ட யாராலும் முடியும். திருவிழாக் கூட்டத்தில் நிதானமாக ஓட்டுவதே வித்தை.

தரகர்களை நம்பிப் பணத்தை விரயம் செய்யாதீர்கள். அவர் லைசென்ஸை வாங்கித் தரலாம்; வளைவில் எதிரே லாரி வரும்போது பிரேக்கைப் பிடிக்க அவர் வரமாட்டார்.

பிழைப்புக்கும் துணை

முறைப்படி பெற்ற லைசென்ஸ் ஜீவனத்துக்கும் உதவும். இலகுரக வண்டி லைசென்ஸை ஓராண்டு வைத்திருந்து, இருபது வயதும் நிரம்பியவர் லாரி, பஸ் முதலியவற்றை ஓட்டப் பழகலாம். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2019-ல் நீக்கப்பட்டது. பெண்மணிகள் தயங்க வேண்டியதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து எம். வசந்தகுமாரி 1993-லேயே சர்க்கார் பஸ்ஸின் ஓட்டுநராக அமர்ந்தார்.

சுதந்திர தேசத்துப் பிரஜைக்குச் சாலை பொதுச் சொத்து. அதில் நடந்து போகும் கிழவியின் உயிரும், நம் பிள்ளையின் உயிரும் ஒரே விலை பெற்றவை. பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பும் வரையில் சாவி பெரியவர்களிடமே இருக்கட்டும். நிரம்பிய அன்றே அவனையும், அவன் சகோதரியையும், விண்ணப்பம் போடச் சொல்லுங்கள்.