விதைத் தோலில் ஒரு வெப்பமானி

சித்திரை வெயிலில் சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இந்தக் காய்ச்சலை நம்பித்தான் ஊர் பிழைக்கிறது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இங்கே வேர்பிடித்ததற்கு மழை குறைந்த இந்த வானமும் ஒரு காரணம். குச்சியும் திரியும் காய வெயில் வேண்டும். அதே வெயிலுக்கு மண்ணுக்குள்ளும் வேலை இருக்கிறது.

புஞ்சையில் தானாக வளரும் கொழிஞ்சியைப் பாருங்கள். மானாவாரிக்காரருக்கு அது களை, நஞ்சைக்காரருக்குப் பசுந்தாள் உரம். புது விதையை ஈரத்தில் போட்டால் பெரும்பாலானவை அசையாது. தோல் தண்ணீரை உள்ளே விடாது. விட்டால் என்ன ஆகும்? கோடையில் தப்பிப் பெய்யும் ஒரு மழையை நம்பி முளைத்து, அடுத்த வாரமே கருகிப்போகும்.

இப்படிக் கெட்டித்தோல் கொண்ட பயறுவகை விதைகளைக் குவின்லிவன் என்பவர் 1960-களில் ஆஸ்திரேலியாவில் சோதித்தார். மாறாத ஒரே சூட்டைவிட, 60 டிகிரிக்கு ஏறி 15 டிகிரிக்கு இறங்கும் சூடே தோலை நன்றாக இளக்கியது. பகலில் கொதித்து இரவில் ஆறும் கோடை மண்ணுக்கும் அதே போக்குதான். நாள்பட நாள்பட, விதையின் தழும்பருகே ஊசிமுனையிலும் சிறிய ஓரிடம் திறக்கிறது. அதுவும் எல்லா விதையிலும் ஒரே ஆண்டில் திறப்பதில்லை. இந்த மழை பொய்த்தாலும் அடுத்த மழைக்குச் சில விதைகள் மிச்சமிருக்கும். களையெடுக்கக் கூலி கொடுத்தவருக்கு இதில் வியப்பு வராது, வயிற்றெரிச்சல்தான் வரும்!

மேல்மண்ணில் பகலுக்கும் இரவுக்கும் உள்ள சூட்டு வேறுபாடு ஓரடி ஆழத்தில் ஏறக்குறைய அடங்கிவிடும். பொடிவிதைக் களைகள் பல இந்த வேறுபாட்டை வைத்தே தாம் கிடக்கும் ஆழத்தை அறிகின்றன. வேறுபாடு இல்லையென்றால் முளைப்பதில்லை. ஆழத்தில் முளைத்தால் வெளிச்சத்தை எட்டுமுன் சேமிப்பு தீர்ந்துவிடுமே! மேலே செடிகள் அடர்ந்து நிழலிட்டாலும் இந்த ஏற்ற இறக்கம் குறையும். அதையும் அவை உணர்கின்றன. கண்ணில்லை, நரம்பில்லை, ஆனாலும் கணக்குப் பிசகுவதில்லை. படைத்தவன் என்றாலும் இயற்கை என்றாலும், அந்தக் கணக்கின் முன் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

நேரில் பார்க்க ஆசையா? ஒரு பிடி கொழிஞ்சி விதையை இரண்டு பங்காக்குங்கள். ஒரு பங்கை 55 டிகிரி வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுங்கள், மறுபங்கை அப்படியே விடுங்கள். இரண்டையும் ஈரச் சாக்கில் தனித்தனியே முடிந்துவைத்து, ஒரு வாரம் கழித்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லுங்கள்.