சிதைந்த மண்டலங்களின் சுவடுகள்

கார்த்திகை மாதத்தின் நிலவில்லா இரவு ஒன்றில், விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊரில், தெருவிளக்கின் ஒளி எட்டாத வயல்வரப்பில் நின்று வடக்கே அண்ணாந்து பாருங்கள். முன்னிரவில் புகைபோன்ற சிறு ஒளித்திட்டு ஒன்று தென்படும். 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆண்ட்ரமீடா விண்மீன் மண்டலம் அதுதான். அதன் தென்புறம் நீண்டு கிடக்கும் விண்மீன் ஓடை மட்டும் நம் கண்ணுக்குப் புலப்படாது. 2001இல் கண்டறியப்பட்ட அவ்வோடை, ஆண்ட்ரமீடாவிடம் சிக்கிச் சிதைந்த மற்றொரு மண்டலத்தின் எச்சமாகும்.

மண்டலம் எவ்வாறு ஓடையாகிறது? பெரிய மண்டலத்தை நெருங்கும் சிறிய மண்டலத்தின் அண்மைப் பக்கம் மிகுதியாகவும் அப்பால் உள்ள பக்கம் குறைவாகவும் இழுக்கப்படுகின்றன. கடலில் ஓதம் எழுவதும் இத்தகைய வேறுபாட்டால்தான். இழுபறியில் விண்மீன்கள் நழுவுகின்றன. ஓட்டை மூட்டையிலிருந்து நெல் சிந்துவதுபோல எனலாம். ஆனால் மூட்டை வண்டிக்குப் பின்னால் மட்டுமே சிந்தும். இங்கோ உட்புறம் நழுவியவை விரைந்து சுற்றி முந்துகின்றன. வெளிப்புறம் நழுவியவை பின்தங்குகின்றன. ஆகவே முன்னும் பின்னும் இரு வால்கள் உண்டாகின்றன.

சிறிய மண்டலம் மேன்மேலும் உள்நோக்கி இறங்குவது ஏன்? சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர் 1943இல் இதற்கு அடிப்படை வகுத்தார். விண்மீன்களிடையே செல்லும் கனமான பொருளின் பின்னே விண்மீன்கள் சற்றே திரண்டு, அதைப் பின்னுக்கு இழுக்கின்றன. உராயப் பொருள் இல்லாமலே ஓர் உராய்வு!

இத்தகைய மங்கலான சுவடுகளைத் தேடுவதில் பொழுதுபோக்கு வானியலாருக்கு இடமுண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கும். பரவிய ஒளியைப் பொறுத்தவரை, ஆடி பெரிதாக இருப்பது மட்டும் போதாது. குவியத் தூரமும் அதே விகிதத்தில் நீண்டால் பிம்பமும் பெரிதாகி, சேர்த்த ஒளி பரந்துவிடும். நெடுநேரப் பதிவும் அகன்ற பார்வைப் பரப்புமே இங்கு முதன்மை. காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி போன்றவற்றில் நேரம் பங்கிட்டே தரப்படுகிறது. சொந்தக் கருவி வைத்திருப்பவரோ ஒரே இலக்கை இரவிரவாக நோக்கலாம்.

அமெரிக்கரான ஜே காபனி அப்படித்தான் செய்தார். நியூ மெக்சிகோவில் அரை மீட்டர் தொலைநோக்கியால், ஏறத்தாழ 5 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்.ஜி.சி. 5907 மண்டலத்தைப் படமெடுத்தார். மார்ட்டினெஸ் டெல்காடோ என்னும் வானியலாரின் குழு 2008இல் அப்படத்தை வெளியிட்டது. மண்டலத்தைச் சுற்றி நூல் சுற்றியதுபோல இரு வளையங்கள் அதில் தெரிந்தன. படம் புகழ் பெற்றது.

சிக்கல் பின்னர் எழுந்தது. கேமரா லென்ஸ்கள் பலவற்றைத் தொகுத்து அமைத்த 'டிராகன்ஃபிளை' கருவியின் 2019ஆம் ஆண்டுப் படத்தில் ஒரே வளைவுதான் இருந்தது! இரண்டாவது வளையத்தைக் காணோம். செர்பியாவின் 1.4 மீட்டர் தொலைநோக்கியும் அவ்வாண்டிலேயே அவ்வாறே கூறியது. இது சிறு வேறுபாடன்று. இரண்டு சுற்று என்றால் சிதைந்த மண்டலத்தின் பாதை ஒன்று. ஒரே வளைவு என்றால் வேறொன்று. பழைய கணக்கீடுகள் இரு வளையங்களுக்கு ஏற்பவே அமைக்கப்பட்டிருந்தன. வான ஒளியைவிடப் பன்மடங்கு மங்கலான ஒன்றை வெளிக்கொணர்கையில், பின்னணியைக் கழிப்பதிலும் மாறுபாட்டைக் கூட்டுவதிலும் எவ்வளவு எச்சரிக்கை தேவை என்பது புலனாகிறது.

எனினும் முதல் வளைவு உண்மையானதே. அதன்மேல் விண்மீன்கள் சற்று அடர்ந்த பகுதி ஒன்றை டிராகன்ஃபிளை குழுவினர் சுட்டியுள்ளனர். சிதைந்த மண்டலத்தின் மிச்சக் கரு அதுவாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.