ஊர் கூடிப் போடும் கணக்கு



வைகாசித் திங்களில் எங்கள் வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தைக் கண்டவர் உங்களில் பலர் இருக்கலாம். பெருந்திரளாக மக்கள் வடம் பிடிக்கத் தேர் அசைகிறது. அங்கே ஒருவர் மற்றவரிடமிருந்து எதையும் பெற வேண்டியதில்லை. அவரவர் இடத்தில் நின்று இழுத்தாற் போதும். ஆனால், எல்லா வேலையும் தேர் இழுப்பதைப் போல் எளிதாகப் பங்கிடக்கூடியதன்று. சில வேலைகளில், ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ளதைப் பிரித்து மற்ற அனைவருக்கும் கொடுத்து, மற்ற அனைவரிடமிருந்தும் தமக்குரியதைப் பெற்ற பின்னரே அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். பல கணிப்பொறிகள் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும்போது நிகழும் இத்தகைய கொடுக்கல் வாங்கலைப் பற்றியே இன்று நான் பேசப் போகிறேன்.

இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் பல மணி நேரம் நகராமல் நின்றது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. வில்லியனூரில் என் வீட்டுத் திண்ணையில் விளக்கின்றி அமர்ந்து, சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் எவ்வளவு ஏறும், எப்போது ஏறும் என்று கலங்கியிருந்தவர்களுள் நானும் ஒருவன். அந்தக் கேள்விக்கு விடை மழைக்கு முன்பு வந்தால் அது எச்சரிக்கை. பின்பு வந்தால் அது வெறும் சரித்திரம். ஆகவே வானிலைக் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. விரைவாகவும் முடிய வேண்டும்.

இக்கணக்கைப் பலர் கூடிப் போடலாம் என்று முதலில் கனவு கண்டவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கில அறிஞர். ஆறு மணி நேரத்து வானிலையைக் கையால் கணக்கிட அவருக்கு வாரக்கணக்கில் ஆயிற்று. விடையும் தவறாகவே வந்தது. எனினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1922-இல் வெளியிட்ட நூலில், ஒரு பெரிய மண்டபத்தில் 64,000 கணக்கர் அமர்ந்து, உலகின் ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொருவர் கணக்கிடும் காட்சியை அவர் தீட்டிக் காட்டினார். இன்று அக்கணக்கரின் இடத்தில் கணிப்பொறிச் செயலிகள் அமர்ந்திருக்கின்றன. நம் நாட்டில் புணே நகரத்துச் சி-டாக் நிறுவனம் 1991-இல் 'பரம் 8000' என்னும் இணைக் கணிப்பொறியை உருவாக்கியது. அதே நகரிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் 'அர்க்கா' என்னும் மாபெரும் கணிப்பொறி 2024 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இனி, கொடுக்கல் வாங்கலுக்கு வருவோம். ஒரு பள்ளியில் நான்கு ஆசிரியர்கள் நான்கு தேர்வு அறைகளை மேற்பார்வை செய்கிறார்கள் என்று கொள்வோம். ஒவ்வோர் அறையிலும் தமிழ், கணிதம், அறிவியல், வரலாறு ஆகிய நான்கு பாட விடைத்தாள்களும் சேர்கின்றன. தேர்வு முடிந்ததும் ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் ஓர் அறையின் எல்லாப் பாடத் தாள்களும் இருக்கும். ஆனால் திருத்துவதற்கு வேண்டியது வேறு: தமிழாசிரியருக்கு எல்லா அறைகளின் தமிழ்த் தாள்களும் வேண்டும்; கணித ஆசிரியருக்கு எல்லா அறைகளின் கணிதத் தாள்களும் வேண்டும். ஆகவே ஒவ்வொருவரும் தம் கட்டை நான்காகப் பிரித்து, தமக்குரியதை வைத்துக்கொண்டு, மற்ற மூவருக்கும் ஒவ்வொரு கட்டு கொடுக்கிறார். அறைவாரியாக இருந்தவை பாடவாரியாக மாறிவிடுகின்றன. இதுவே 'அனைவரும் அனைவர்க்கும்' என்னும் பரிமாற்றம். ஒரே சுற்றறிக்கையின் படியை எல்லாருக்கும் அனுப்புவது வேறு. இங்கே ஒவ்வொருவருக்கும் செல்லும் கட்டு தனித்தனியானது.

வானிலைக் கணக்கிலும் இதே நிலைதான். இந்தியாவில் பயன்படும் உலக வானிலைக் கணிப்பு முறைகள் சிலவற்றில், காற்றின் ஓட்டத்தையும் வெப்பத்தையும் பூமியைச் சுற்றிய அலைகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறார்கள். முதற்படியில் ஒரு செயலியிடம் சில அட்சரேகைகள் முழுமையாக இருக்க வேண்டும். அடுத்த படியில் ஒரு செயலிக்குக் குறிப்பிட்ட சில அலைகள் பற்றிய எண்கள் எல்லா அட்சரேகைகளிலிருந்தும் வேண்டும். அட்சரேகை என்பது அறை; அலை என்பது பாடம். கணக்கில் காலம் ஒவ்வோர் அடி முன்னேறும்போதும் இந்த மாற்றம் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது.

இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. நான்கு பேருக்குள் கைமாறும் கட்டுகள் பன்னிரண்டு. நூறு பேர் எனில் 9,900. ஆயிரம் பேர் எனில் 9,99,000. ஆள் பத்து மடங்கானால் கட்டுகள் ஏறத்தாழ நூறு மடங்காகின்றன. எனவே செயலிகளைக் கூட்டிக்கொண்டே போனால் வேலை விரைந்து முடியும் என்று எண்ணுவது தவறு. ஓர் எல்லைக்குப் பின், கணக்குப் போடும் நேரத்தைவிடக் கட்டுகள் கைமாறும் நேரமே மிகுந்துவிடும்.

மேலும் இரண்டு இடையூறுகள் உண்டு. எல்லாரும் ஒரே சமயத்தில் தமிழாசிரியர் மேசைக்கு ஓடினால் அங்கே நெரிசல். மற்ற மேசைகளோ வெறுமையாய்க் கிடக்கும். அன்றியும், "எனக்குரியது வந்த பிறகுதான் நான் கொடுப்பேன்" என்று ஒவ்வொருவரும் பிடிவாதமாக நின்றால், யாரும் கொடுக்கமாட்டார், யாரும் பெறவுமாட்டார். வேலை அப்படியே முடங்கிப் போகும்.

இவற்றுக்கு எளிய பரிகாரம் முறை வைத்துக்கொள்வது. எல்லாரும் வட்டமாக அமரட்டும். முதற்சுற்றில் ஒவ்வொருவரும் அடுத்தவருக்கும், இரண்டாம் சுற்றில் இரண்டு இடம் தள்ளி இருப்பவருக்கும், மூன்றாம் சுற்றில் மூன்று இடம் தள்ளி இருப்பவருக்கும் கொடுக்கட்டும். எந்தச் சுற்றிலும் ஒருவருக்கு ஒரே கட்டுதான் வரும், நெரிசல் இல்லை. எட்டுப் பேர் எனில் ஏழு சுற்றில் வேலை முடியும்.

கட்டுகள் மிகச் சிறியவையானால் இதனினும் விரைவான வழி ஒன்று உண்டு. ஜெகோஷுவா புரூக் என்னும் அறிஞரும் அவருடைய தோழர்களும் 1990-களில் வகுத்த முறை அது. நீங்களே வகுப்பில் எட்டுப் பேராக அமர்ந்து செய்து பார்க்கலாம். ஒவ்வொரு சீட்டிலும் அது எத்தனை இடம் தள்ளிச் செல்ல வேண்டும் என்று எழுதுங்கள். அவ்வெண்ணை ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவற்றின் கூட்டலாகப் பிரியுங்கள். ஐந்து என்பது ஒன்றும் நான்கும். ஆறு என்பது இரண்டும் நான்கும். முதற்சுற்றில் 'ஒன்று' அடங்கிய சீட்டுகளை எல்லாம் ஒரே கட்டாக அடுத்தவரிடம் கொடுங்கள். இரண்டாம் சுற்றில் 'இரண்டு' அடங்கியவை இரண்டு இடம் செல்லட்டும். மூன்றாம் சுற்றில் 'நான்கு' அடங்கியவை நான்கு இடம் செல்லட்டும். மூன்றே சுற்றில் எல்லாச் சீட்டுகளும் உரியவரிடம் சேர்ந்துவிடும்! 1,024 பேருக்கு 1,023 சுற்றுக்குப் பதிலாகப் பத்தே சுற்று போதும்.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. முன்னைய முறையில் ஒருவர் அனுப்பிய சீட்டு ஏழு. இம்முறையிலோ சுற்றுக்கு நான்காகப் பன்னிரண்டு. ஆகவே எழுந்து நடப்பதே பெரும் செலவானால் இம்முறை நன்று; சுமைதான் பெரும் செலவானால் முன்னைய முறையே நன்று. 1994-இல் வெளியான 'எம்.பி.ஐ.' என்னும் பொது விதித்தொகுப்பில் இப்பரிமாற்றம் முழுவதற்கும் 'ஆல்-டு-ஆல்' என்று ஒரே கட்டளை உண்டு. அதனைச் செயற்படுத்தும் மென்பொருள், சுமையைப் பார்த்து ஏற்ற முறையைத் தெரிந்தெடுத்துக்கொள்கிறது.

2025 மே மாதத்தில் 'பாரத்' வானிலைக் கணிப்பு முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 12 கிலோமீட்டராக இருந்த கட்டத்தின் அளவு 6 கிலோமீட்டராகக் குறைந்தது. வில்லியனூருக்கும் புதுச்சேரி நகருக்கும் இடையே ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர்தான். பழைய கட்டத்தில் இரண்டும் ஒன்றாகவே அடங்கிவிடக் கூடும். புதிய கட்டத்தில் எங்கள் ஊருக்கென்று தனி எண் கிடைக்கிறது. ஆனால் கட்டத்தின் பக்கம் பாதியானால் கட்டங்கள் நான்கு மடங்காகும். அவ்வளவு எண்களும் உரிய நேரத்தில் கைமாற வேண்டும். அது தவறினால் நுட்பமான கணக்கு மழை நின்ற பிறகே நம்மை வந்தடையும்.

வேகம் மட்டுமே புயலை முன்னறிவித்துவிடாது. நல்ல அளவீடுகளும் தெளிந்த அறிவியலும் வேண்டும். எனினும், அடுத்த புயல் நாளில் ஆற்றங்கரையில் உள்ளவர்கள் இருட்டுமுன் மேட்டுக்குச் செல்ல முடிந்தால், அதன் பின்னே ஆயிரமாயிரம் செயலிகள் முறை தவறாமல் கொடுத்துப் பெற்றிருக்கின்றன என்பதை நீங்கள் நினைவில் கொள்ளுங்கள்.