மலையேறும் ஜீப்பிற்குக் கிளட்சு தெரிதல்

போடிநாயக்கனூரைக் கடந்து மேற்றிசை செல்லும் சாலை, முந்தலை அடைந்ததும் மலைமேல் ஏறத் தொடங்குகின்றது. 17 கொண்டையூசி வளைவுகளைத் தாண்டி, கடல் மட்டத்தினின்று 4,000 அடிக்கு மேலுள்ள போடிமெட்டைச் சேர்கின்றது. ஏலத்தோட்டங்களில் கூலிவேலை செய்யும் பெண்மக்கள் வைகறையில் ஜீப்புகளில் இவ்வழியாகவும், கம்பமெட்டு, குமுளி வழிகளாகவும் இடுக்கிக்குச் சென்று மாலையில் மீளுகின்றனர். தேனி, கம்பம் பக்கத்து மாணவர்க்கு இக்காட்சி புதிதன்று.

பழைய ஜீப்புகளிற் சில, முதலில் தமக்கிருந்த யந்திரத்தோடு இன்று ஓடுவனவல்ல. பெட்ரோல் யந்திரத்தைக் கழற்றிவிட்டு டீசல் யந்திரம் பூட்டுவர். அதன்மேல் டர்போ சேர்ப்பாரும் உளர். யந்திரம் வலுத்த பின்னரும் கிளட்சு மட்டும் பழையதாகவே இருந்துவிடின், ஒருநாள் ஏற்றத்தில் யந்திரம் இரைய, வண்டி நகராது நிற்கும். கருகல் நாற்றம் எழும். அப்போதுதான் எந்தக் கிளட்சு போடுவது என்னும் வினா பிறக்கின்றது. "உள்ளதில் மிகக் கடினமானதைப் போடு" என்பதே பல இடங்களில் கிடைக்கும் விடை. அவ்விடை போதாது என்பது நம் கருத்து.

கிளட்சு செய்யும் வேலை எளிது. யந்திரத்தோடு சுழலும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே ஒரு தட்டு நிற்கின்றது. வில்லின் விசை அதனை இறுக்கிப் பிடிக்குங்கால், தட்டின் இருபுறத்தும் எழும் உராய்வினாலே யந்திரத்தின் சுழற்சி கியர்ப்பெட்டிக்குச் செல்கின்றது. பெடலை மிதித்தால் பிடி விடுபடும்.

இத்தட்டு குதிரைச்சக்தியை அறியாது. அது தாங்குவது முறுக்குவிசையையே. இரண்டாம் உலகப்போரில் உழைத்த வில்லிஸ் ஜீப்பின் யந்திரம் 60 குதிரைச்சக்தி உடையது. அதன் உச்ச முறுக்குவிசை 105 அடி-பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ 14.5 கிலோகிராம்-மீட்டர். அதே குதிரைச்சக்தியை மெதுவாய்ச் சுழன்று தரும் மற்றொரு யந்திரம் இதனினும் மிகுதியாக முறுக்கும். ஆதலின், கிளட்சு வாங்கச் செல்வோன் முதலில் கேட்டறிய வேண்டுவது முறுக்குவிசையின் அளவேயாம்.

கிளட்சின் தாங்குதிறனைக் கணக்கிடுவது பள்ளிக் கணக்கினும் கடினமன்று. உராயும் முகங்கள் 2, உராய்வெண், வில்லின் அழுத்தம், தட்டின் சராசரி ஆரம் ஆகிய நான்கையும் பெருக்கினால் போதும். உராய்வெண் 0.3, அழுத்தம் 400 கிலோ, ஆரம் 0.09 மீட்டர் எனக் கொள்வோம். விடை 21.6 கிலோகிராம்-மீட்டர். 14.5 அளவுள்ள பழைய யந்திரத்திற்கு இஃது ஒன்றரை மடங்கு, போதுமானது. மாற்றிய யந்திரம் 20 தருமாயின், மிச்சம் மிகச் சிறிது. வளைவுதோறும் பாதி மிதித்து ஓட்டிச் சூடேறிய தட்டில் உராய்வெண் 0.2 ஆகக் குறையுமாயின், தாங்குதிறன் 14.4 ஆகிவிடும், தட்டு நழுவும். நழுவினால் மேலும் சூடேறும். சூடேறினால் மேலும் நழுவும்.

இனி, 20-க்கு ஒன்றரை மடங்கான 30 வேண்டுமெனின் வழிகள் பல. தட்டை மாற்றாது வில்லை மட்டும் வலுப்படுத்தின் அழுத்தம் ஏறத்தாழ 556 கிலோ ஆதல் வேண்டும். நாள் முழுதும் அப்பெடலை மிதிக்கும் இடக்காலின் நிலையை எண்ணுக! கிராங்கின் முனையில் தள்ளுவிசை தாங்கும் பேரிங்கும் விரைவில் தேயும். மற்றொரு வழி, உலோகமும் பீங்கானும் கலந்து செய்த வில்லைகள் பதித்த தட்டு. அஃது உஷ்ணத்தைப் பெரிதும் தாங்கும். ஆயின் மெல்லப் பற்றாது, வெடுக்கென்று பற்றும். ஏற்றத்தில் புறப்படுங்கால் வண்டி குலுங்கித் துள்ளும். அந்த அடி கியர்ப்பல்லையும் ஆக்சிலையும் தாக்கும். கிளட்சு உடையாமைக்காக ஆக்சிலை உடைப்பதில் யாது பயன்?

பந்தயக் கார்க்காரர் அதனை விரும்புவது வேறு காரணத்தால். சோழவரத்துப் பழைய விமானத்தளத்தில் முன்னாளில் நடந்த பந்தயங்களிலாயினும், இன்று இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலாயினும், கிளட்சுக்குப் பெருஞ்சோதனை புறப்படும் கணத்தில்தான். பின்னர்க் கியர் மாற்றும் நொடிகளில் மட்டுமே அதற்கு வேலை. கூலியாட்களை ஏற்றிய ஜீப்பிற்கோ, வளைவில் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிற்குந்தோறும் புதிதாய்ப் புறப்பாடு.

நம் தெரிவு, பிளைவீல் கூடு இடங்கொடுக்குமளவு பெரிய சாதாரணத் தட்டு. ஆரம் 10.5 சென்டிமீட்டராயின், அழுத்தத்தை 480 கிலோவாக உயர்த்தினாலே 30 கிடைத்துவிடும். உஷ்ணம் பரவவும் இடம் மிகும். தட்டின் நடுவில் சுருள்வில்கள் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். டீசல் யந்திரத்தின் அதிர்வைக் கியர்ப்பெட்டிக்குச் செல்லாது தணிப்பவை அவை. பெரிய தட்டுக்கு இடமில்லையெனில், டர்போவின் அழுத்தத்தைக் குறைத்து யந்திரத்தை அடக்குவதே முறை. வண்டிக்காரர் இதனை விரும்பார் என்பதை அறிவோம். அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றுவதற்கு எந்தக் கிளட்சும் மருந்தன்று.

ஏறுவதற்கு மட்டுமன்றி இறங்குவதற்கும் கிளட்சு துணையாகும். தாழ்ந்த கியரில் இறங்குங்கால் யந்திரமே வண்டியைப் பின்னிழுத்துப் பிரேக்கைக் காக்கின்றது. எண்ணெய் படிந்தோ முற்றும் தேய்ந்தோ போன கிளட்சு அவ்விழுப்பைக் கடத்தாது. பாரமனைத்தும் பிரேக்கின்மேல் விழும். பின்புறம் அமர்ந்துள்ள பெண்கள் இதனை அறியார்.

தட்டை மாற்றுங்கால் பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் உடன் மாற்றுக. பிளைவீலின் முகத்தில் வெப்பக் கீறலிருப்பின் கடைசல் பிடித்துச் சமன் செய்க. கிராங்கின் பின்பக்க எண்ணெய்ச் சீல் கசியுமாயின் அதனை முதலில் மாற்றாது புதுத் தட்டைப் பூட்டுதல் வீண்செலவு. பழைய தட்டுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அத்தூள் புற்றுநோய் விளைப்பதாதலின் அதனைக் காற்றால் ஊதாது ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் நன்று. பூட்டியபின் பெடலில் சிறிது தளர்வு விடுதல் வேண்டும். முதற் சில நூறு கிலோமீட்டர் தேனிக்கும் கம்பத்துக்கும் இடையேயுள்ள சமவெளிச் சாலையில் பாரமின்றி ஓட்டித் தட்டின் முகம் பதிந்த பின்னரே வண்டியை முந்தலுக்கு அப்பால் விடுக.