குற்றவியல் ஆய்விதழ்க் கட்டுரைகளைத் தேடுதல்

குற்றவியல் ஆய்விதழ்க் கட்டுரைத் தேடல் என்பது குற்றம், காவல், தண்டனை, மறுவாழ்வு ஆகியவை குறித்துச் சக மதிப்பாய்வுக்குப் பின் வெளியான கட்டுரைகளைக் கண்டறியும் முறையாகும். குற்றவியல் துறை சமூகவியல், உளவியல், சட்டம் ஆகியவற்றோடு பிணைந்தது. ஆகவே அதற்கான கட்டுரைகள் பல துறை இதழ்களில் சிதறிக் கிடக்கின்றன.

தேடுசொற்கள்

ஒரே பொருளுக்குப் பல சொற்கள் வழங்குவதுண்டு. தண்டனை பெற்றவர் மீண்டும் குற்றம் செய்வதை அமெரிக்க இதழ்கள் பெரும்பாலும் 'ரெசிடிவிசம்' என்கின்றன. பிரித்தானிய இதழ்களில் 'ரீஆஃபெண்டிங்' என்ற சொல்லும் மிகுதி. ஆங்கிலத்தில் தேடும்போது இரண்டையும் 'ஆர்' என்ற இணைப்புச் சொல்லால் சேர்த்துத் தேட வேண்டும். சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் இட்டால் தேவையற்ற முடிவுகள் குறையும்.

தேடும் இடங்கள்

* கூகுள் ஸ்காலர்: எல்லாத் துறைகளையும் உள்ளடக்கியது. மதிப்பாய்வு பெறாத அறிக்கைகளும் கலந்திருக்கும்.
* என்.சி.ஜே.ஆர்.எஸ்.: அமெரிக்க நீதித்துறையைச் சேர்ந்தது, 1972-இல் தொடங்கப்பட்டது. ஆய்வுச் சுருக்கங்களை இலவசமாகப் படிக்கலாம்.
* கேம்பெல் கூட்டமைப்பு: ஒரே கேள்வி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் மீளாய்வுகளை வெளியிடுகிறது.
* சோத்கங்கா: இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் களஞ்சியம். ஆய்வேட்டின் துணைநூற்பட்டியல் நல்ல வழிகாட்டி.

மேற்கோள் வழித் தேடல்

கிடைத்த கட்டுரையைப் பின்னர் யார் மேற்கோள் காட்டினர் என்று பார்ப்பது இன்றியமையாதது. லாரன்ஸ் ஷெர்மன், ரிச்சர்ட் பெர்க் இருவரும் 1984-இல் 'அமெரிக்கன் சோஷியலாஜிகல் ரிவியூ' இதழில் மினியாப்பொலிஸ் நகர ஆய்வை வெளியிட்டனர். குடும்ப வன்முறையில் ஈடுபட்டவரைக் கைது செய்தால் வன்முறை மீண்டும் நிகழ்வது குறைகிறது என்பது அதன் முடிவு. அமெரிக்கக் காவல் துறைகள் பல கைது நடவடிக்கைக்கு மாற இதுவும் ஒரு காரணமாயிற்று. ஆனால் ஒமாகா நகரில் நடந்த மறுஆய்வு, கைதால் அத்தகைய பயனைக் காணவில்லை. மில்வாக்கி நகரில் வேலையில் இருந்தோரிடம் வன்முறை குறைந்தது, வேலையற்றோரிடம் கூடியது. முதல் கட்டுரையோடு நிறுத்திக்கொள்பவர், பாதிக்கப்பட்ட பெண்ணுக்கே தீங்காகக்கூடிய நடவடிக்கையைப் பரிந்துரைக்க நேரிடும். முதல் கட்டுரை சமூகவியல் இதழில் வெளிவந்ததால், குற்றவியல் இதழ்களில் மட்டும் தேடுவோருக்கு அது கிடைக்காது.

முழுக் கட்டுரையைப் பெறுதல்

கட்டண இதழ்களில் உள்ள கட்டுரையின் இலவசப் படி, ஆசிரியரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் சில வேளைகளில் இருக்கும். கூகுள் ஸ்காலர் அவ்வாறான பிற பதிப்புகளையும் காட்டும். அவ்வாறு கிடைக்காதபோது பல்கலைக்கழக நூலகத்தை நாடலாம். ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதியும் கேட்கலாம். கட்டுரையின் டி.ஓ.ஐ. எண்ணைக் குறித்து வைத்தால், இணைய முகவரி மாறினாலும் அதை மீண்டும் கண்டடையலாம்.