ஸ்டியரிங் முனகுதா? பம்ப்பை மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

நம்ம திருப்பூர்ல துணி ஒரே இடத்துல நிக்காது. நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங்னு வண்டி ஏறிட்டே இருக்கும். சந்துக்குள்ள லோடோட ஒடிச்சு ஒடிச்சுத் திருப்பறப்போ முழு வேலையும் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் மேலதான் விழுது. பழைய வண்டியில சத்தம் வந்தாலே "பம்ப் போச்சு"ன்னு சொல்லிடறாங்க. நான் முதல்ல என்ன சத்தம்னு கேட்பேன்.

ஒடிக்கறப்போ "கீச்"னு கத்தினா, அநேகமா பெல்ட் வழுக்குது. டென்ஷன் பாருங்க, வெடிப்பு இருந்தா மாத்துங்க. "ம்ம்ம்"னு முனகினா ஆயில் டப்பாவைத் திறங்க. ஆயில் குறைஞ்சிருந்தா எங்கயோ கசியுது. நுரையா இருந்தா காத்து உள்ளே போகுது. டப்பாவுல இருந்து பம்ப்புக்குப் போற ஹோஸ் உறிஞ்சற பக்கம். அதோட கிளிப் தளர்ந்தா, ஒரு சொட்டு வெளியே வராமலே காத்தை இழுக்கும். பஞ்சுத் தூசி ஈரமா அப்பியிருக்கற இடம் இருந்தா அங்கே கசிவைத் தேடுங்க.

அதைச் சரிபண்ணிட்டு, வண்டிக்குச் சொல்லியிருக்கற ஆயிலை மட்டும் ஊத்துங்க. பிரேக் ஆயில் ஊத்தினா சீல் ஊதிக் கெட்டுடும். முன்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டுல வச்சு, இன்ஜின் ஓடாம, இரண்டு பக்கமும் கடைசிவரை மெதுவா 15, 20 தடவை திருப்புங்க. குமிழ் நின்னதும் ஸ்டார்ட் பண்ணி மறுபடி திருப்புங்க. கடைசியில 5 விநாடிக்கு மேல பிடிக்காதீங்க.

அப்புறமும் முனகினா பம்ப்பைச் சந்தேகப்படலாம். ஆயில் குறைஞ்சபடியே ஓட்டினா நல்ல பம்ப்பும் தேஞ்சுடும். லோடோட வளைவுல ஸ்டியரிங் திடீர்னு கனத்துடும்.