தாமே வகுத்துக்கொள்ளும் டாக்டர் பட்டம்

ஒரு துறையை மேற்கொண்டு, அத்துறையினர் வகுத்த நெறியில் நின்று டாக்டர் பட்டம் பெறுவதே பல்கலைக் கழகங்களின் பொது வழக்கு. ஆயின், சில வினாக்கள் ஒரு துறையின் வேலிக்குள் அடங்குவதில்லை. தோட்டப்புறத்துத் தாலாட்டை ஆராயப் புகும் மாணவர் இலக்கியத்தோடு நின்றுவிட இயலுமா? பாடியவள் கடல் கடந்து வந்த வரலாறும், அவள் பெற்ற கூலியின் பொருளியலும், பாட்டின் இசையும் அவர்முன் வந்து நிற்கும். இத்தகையோர்க்குப் பயன்படுவதே, மாணவர் தம் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் பல்துறை ஆய்வுமுறை.

இதற்குச் சிறந்த சான்று, அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக் கழகத்தில் 1941-இல் தோன்றிய சமூகச் சிந்தனைக் குழு. வரலாற்றறிஞர் ஜான் நெஃப், பொருளியலறிஞர் ஃபிராங்க் நைட், மானிடவியலறிஞர் ராபர்ட் ரெட்ஃபீல்டு, பல்கலைக் கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் ஆகியோர் அதனை நிறுவினர். அங்குச் சேரும் மாணவர், ஆசிரியர்களோடு கலந்து, 12 முதல் 15 வரையிலான பெருநூல்களைத் தாமே தேர்ந்துகொள்கிறார். தத்துவம், இலக்கியம், வரலாறு எனப் பல துறை நூல்களும், பழையனவும் புதியனவும் அப்பட்டியலில் இடம்பெறும். அந்நூல்களில் தேர்வு எழுதுதல் வேண்டும்; ஆய்வேடும் படைத்தல் வேண்டும்.

எனவே, உரிமை மிகுதி என்பதால் உழைப்புக் குறைவு என்று எண்ணலாகாது. வழிகாட்டியர் பல துறையினராயின், ஒருவர் போதும் என்பதை மற்றவர் போதாது என்பர். பட்டம் பெற்றபின், 'இவர் எத்துறையினர்?' என்று வேலை தருவோர் வினவுவர். 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்னும் பழமொழி இங்கு நினைக்கத்தக்கது.

இவ்விடர்க்கு மாற்றென்ன? அக்குழுவிலும் பேராசிரியராய் விளங்கிய ஏ. கே. இராமானுஜனின் (1929–1993) வாழ்வு ஒரு வழி காட்டுகிறது. அவர் 1963-இல் இந்தியானா பல்கலைக் கழகத்தில் மொழியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஒரு துறையில் வேர் ஊன்றியபின், கவிதை, மொழிபெயர்ப்பு, நாட்டார் கதை எனக் கிளை பரப்பினார். குறுந்தொகைப் பாடல்களை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்த நூல் 1967-இல் வெளிவந்தது.

ஆதலின், இப்பட்டத்தை நாடி அறிவுரை கேட்க வரும் மாணவரிடம் ஆசிரியர் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. உன் கேள்வி யாது? அதற்கு இத்துணைத் துறைகளும் இன்றியமையாதனவா? அவற்றுள் எதனில் நீ முழுத் தேர்ச்சி பெறப் போகிறாய்? மூன்றாம் வினாவிற்குத் தயங்காது விடை கூறுவோரை ஊக்கி அனுப்பலாம். ஏனையோர் முதலில் ஒரு துறையை ஆழ உழட்டும்; வேலியைத் தாண்டும் காலம் பின்னர் வரும்.